கன்னிக்கு வைத்த கப் கேக்

மல்லசமுத்திரத்தில் கேக் வேண்டுமென்றால் வசந்தாமணி வீட்டுக்குத்தான் போக வேண்டும். வாசலில் போர்டு கிடையாது. 'கேக்கு ஊடு எது?' என்று கேட்டால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள்கூடக் கையைக் காட்டும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் அவள். வீட்டுக்காரர் தீர்த்தகிரி விசைத்தறிக்குப் போக, அவள் சேலத்துக்கு பஸ் ஏறி சூரமங்கலம் பக்கம் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவப் போனாள். தட்டுக் கழுவியவள் மூன்றாம் வருஷம் மாவு கலக்கினாள். ஐந்தாம் வருஷம் கேக்கின்மேல் கிரீமில் ரோஜாப்பூ வைத்தாள். பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. கேக் ஆறினதும் உப்பியிருக்கும் மேட்டைச் சமமாகச் சீவுவார்கள். சீவிய துண்டில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிரீமைத் தொட வேண்டும். உள்ளே வெந்ததா வேகவில்லையா என்று குச்சியைவிட நாக்குத்தான் சரியாகச் சொல்லும். வீட்டில் சொந்தமாகக் கரண்ட் அடுப்பு வாங்கி வைத்த பிறகும் அப்படித்தான். அடுப்புக் கதவில் திருநீறு பூசி, 'முருகா, நீதான் வேக வைக்கணும்' என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போடுவாள். சீவின துண்டைத் தின்று பார்ப்பாள். இந்த இரண்டும் இல்லாமல் ஒரு கேக்கும் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

அடுத்த தெரு பிரவீனாவின் மகள் நித்யஸ்ரீ. அப்பா ஜீவானந்தம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வெளி மாநிலம் போய் மாதக்கணக்கில் கழித்து வருகிறவர். ஆறாவது பிறந்தநாளுக்குக் கேக் சொல்ல அம்மாவோடு வந்த நித்யஸ்ரீ, வசந்தாமணியின் மகள் மோகனப்பிரியா போனில் காட்டிய ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கப் கேக்கையே பானை அளவுக்குப் பெரிதாக்கினதுபோல் ஒரு கேக். கீழே மடிப்பு மடிப்பாகக் கப்பு, மேலே சுருள் சுருளாக ரோஸ் கலர் கிரீம்.

"பெரீம்மா, எனக்கு இதுதான் வேணும்."

"அதுக்குன்னு தனியா அச்சு வேணுமல்லோ சாமி. பெரீம்மாகிட்ட இல்லியே."

"அச்சு எங்க விக்குது?"

"பெங்களூர்ல விக்குமாட்ட இருக்குது."

"அக்கா பெங்களூர்லதான வேலை பாக்குது? வாங்கியாரச் சொல்லுங்க."

அடுத்த முறை பார்த்தபோது குழந்தை தலையில் துணித்தொப்பி போட்டிருந்தாள். இரத்தத்தில் நோய் என்றார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். வசந்தாமணி அவள் கன்னத்தை வழித்து, "நல்லாயிட்டு வா சாமி. உன்ற தலையைவிடப் பெருசா செஞ்சு வெக்கறேன்" என்றாள்.

குழந்தை தொப்பியைத் தூக்கிக் காட்டினாள். "முடியெல்லாம் போயி என்ற தலை சின்னதாயிருச்சு. இதை அளவு வெச்சு ஏமாத்தக் கூடாது."

பங்குனியில் குழந்தை போய்விட்டாள். சித்திரையில் மோகனப்பிரியா அச்சைக் கொண்டுவந்தாள். இரண்டு துண்டு அலுமினிய அச்சு. கீழ்க் கப்புக்கு ஒன்று, மேல் சுருளுக்கு ஒன்று. வசந்தாமணி அதை ஒரு பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். எத்தனையோ பேர் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். 'அச்சு இல்லீங்க' என்றே சொல்லிவந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அந்த ஒரு பொய்யை மட்டும் ஒரு வருஷம் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் கல்யாணமாகாத பெண்பிள்ளை இறந்துபோனால், அவள் கன்னித் தெய்வமாக இருந்து வீட்டைக் காப்பாள் என்பார்கள். வருஷம் திரும்பும் நாளில் புதுப் பாவாடை, வளையல், ரிப்பன், கண்ணாடி எல்லாம் வைத்து, பிள்ளைக்குப் பிடித்ததைச் செய்து படைப்பார்கள். செய்கிறவர்கள் தலைக்குக் குளித்து, பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் செய்ய வேண்டும். உப்புப் பார்க்கக்கூடாது. கன்னிக்கு முன்னால் மனுஷர் வாய் பட்டுவிட்டால் அது எச்சில். இலையில் வைக்க ஆகாது.

நித்யஸ்ரீக்கு வருஷம் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பிரவீனா வந்து நின்றாள். அழவில்லை. "அக்கா, அந்த அச்சு வந்துருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்துருச்சு அம்மிணி. அவளுக்குத்தான் வெச்சிருக்கறேன்."

"முட்டை போடாமங்க. வெள்ளிக்கெழமை உச்சிக்குள்ள படையல் போடணும்னு பெரியத்தை சொல்லுது."

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஊருக்குக் கரண்ட் கிடையாது. மாதாமாதம் பராமரிப்புக்கு நிறுத்துகிற நாள் அது. அதனால் வசந்தாமணி விடியற்காலையிலேயே ஈரத்தலையோடு அடுப்படியில் நின்றாள். லீவுக்கு வந்திருந்த மோகனப்பிரியா தயிரையும் மைதாவையும் எடுத்துக் கொடுத்தாள். அச்சின் ஒவ்வொரு மடிப்பிலும் விரலாலேயே வெண்ணெய் தடவினாள் வசந்தாமணி. ஒரு மடிப்பு விட்டுப்போனாலும் அந்த இடத்தில் கேக் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். சுருள் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிட்டது. கப்பு ஆழமானது, நடுவில் மாவு வேகாமல் நின்றுவிடும் என்று பயந்து, சூட்டைக் குறைத்து இன்னும் அரைமணிக்கு மேல் விட்டாள். ஒன்பதுக்குள் கிரீமும் அடித்து ஐஸ் தண்ணீரில் வைத்தாயிற்று. சொல்லிவைத்ததுபோல் காற்றாடி நின்றது.

ஒன்பதரை மணிக்குக் கப்பைக் கவிழ்த்தாள். ஒரு மடிப்புக்கூட உடையவில்லை. 'முருகா' என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கத்தியை எடுத்து உப்பலைச் சீவினாள். நடு வெந்திருக்குமா என்ற நினைப்பிலேயே துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

நன்றாக வெந்திருந்தது. தித்திப்பு சரியாக இருந்தது. அதை விழுங்கின பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கத்தி கையில் இருக்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா? மயக்கமா?" மோகனப்பிரியா ஓடிவந்தாள்.

"தின்னுட்டேன் கண்ணு. கன்னிக்கு வெக்கறதை நான் முந்தித் தின்னுட்டேன்."

மோகனப்பிரியாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஒரு துளிதான? அதுவும் வேண்டாம்னு சீவுன துண்டு. நானும் நீயும் சொன்னாத்தான் தெரியும்."

"அவளுக்குத் தெரியாதா?"

"யாருக்கு?"

வசந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுபடி கப்பைச் சுடக் கரண்ட் இல்லை. கேஸ் அடுப்பில் பெரிய குண்டாவுக்குள் மணல் போட்டு வைத்துப் பார்த்தார்கள். அச்சு உள்ளே இறங்கவில்லை. வசந்தாமணி பிரவீனாவுக்குப் போன் போட்டாள், எடுக்க ஆளில்லை. உச்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

"அப்ப என்னதாம்மா பண்ணப் போற?"

"செஞ்சு முடிச்சு எடுத்துட்டுப் போறேன். எறக்கி வெக்கறதுக்கு முன்ன சொல்லிப் போடறேன். வேண்டாம்னா திருப்பித் தூக்கிட்டு வாரேன்."

"அந்தப் பெரியத்தைக் கெழவி நிக்க வெச்சுப் பேசும்."

"பேசட்டும். பேச்சு வாங்கறதுக்குத்தான் இந்த வாயி தப்புப் பண்ணியிருக்குது."

கையையும் வாயையும் கழுவினாள். கத்தியைப் புளி போட்டுத் தேய்த்தாள். சுருளை எடுத்து அதன் அடியைச் சமமாகச் சீவினாள். சீவின துண்டைப் பார்க்கக்கூட இல்லை, இலையில் சுற்றி ஓரமாக வைத்தாள். கப்பின் மடிப்புகளுக்கு மஞ்சள் கிரீம் தடவி, மேலே சுருளை உட்கார வைத்து, அடியிலிருந்து உச்சிவரை ரோஸ் கிரீமைச் சுற்றிக்கொண்டே போனாள். உச்சியில் ஒரு செர்ரி. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கும் அளவு இருந்தது. ஒரு குழந்தையின் தலையைவிடப் பெரிதுதான்.

பிரவீனா வீட்டில் சாமி அறையில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் வாழையிலை, பச்சைப் பட்டுப் பாவாடை, இரண்டு டஜன் கண்ணாடி வளையல். ஜீவானந்தத்தின் பெரியத்தை கந்தம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். கேக்கைப் பார்த்ததும் பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எலைக்கு நடுவால வையி வசந்தா. நேரமாச்சு" என்றாள் கந்தம்மாள்.

வசந்தாமணி வாசற்படியிலேயே நின்றாள். "வெக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுங்க. பழக்கதோசத்துல, சீவுன துண்டை வாயில போட்டுட்டேனுங்க. தெரியாம நடந்துபோச்சு. ஆனா நடந்துபோச்சுங்க."

கந்தம்மாள் திரியை விட்டுவிட்டு எழுந்தாள். "ஏனம்மிணி, இத்தனை வயசாச்சு, ஒரு நாளைக்கு வாயைக் கட்ட முடியலையா உனக்கு? எச்சிலையா கன்னிக்கு வெக்கறது? அவ என்ன தெருவுல நிக்கற புள்ளையா?"

"தப்புத்தானுங்க."

"தப்புத்தானுங்கன்னா? எடுத்துட்டுப் போ அதை."

வசந்தாமணி தலையாட்டினாள். திரும்பப் போனவளை, "அக்கா, நில்லுங்க" என்று பிரவீனா நிறுத்தினாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"பெரியத்தை, ஆஸ்பத்திரில இட்லிக்குள்ள மாத்திரையை வெச்சு ஊட்டிட்டோமுங்க ஒருக்கா. அதுக்கப்பறம் எது குடுத்தாலும் நான் மொதல்ல தின்னு காட்டணும். கசக்கலைன்னு சொல்லணும். கடைசி வரைக்கும் அப்படித்தானுங்க வாயைத் தொறந்தா. தண்ணிகூட நான் ஒரு வாய் குடிச்சுட்டுத்தான்."

"அது புள்ளையா இருந்தப்ப. இப்ப அவ சாமி."

"உங்களுக்குச் சாமிங்க அத்தை. எனக்கு இன்னும் புள்ளைதானுங்க."

கந்தம்மாள் படத்தைப் பார்த்தாள், கேக்கைப் பார்த்தாள். பிறகு வசந்தாமணியிடம் கேட்டாள்: "இது ஒண்ணாச் சுட்டதா, தனித்தனியா?"

"தனித்தனி அச்சுங்க. வாய் வெச்சது கீழ்க் கப்பு. மேல் சுருள்ல கத்தி பட்டதோட சரி. நாக்குப் படலீங்க."

"சத்தியமா?"

"முருகன் மேல சத்தியமாங்க."

கந்தம்மாள் உள்ளே போய் ஒரு கண்டு தறிநூலைக் கொண்டுவந்து நீட்டினாள். "கத்தி வேண்டாம். நூல்ல அறு."

வசந்தாமணி நூலை இரண்டு கையிலும் சுற்றி, கப்பும் சுருளும் சேருமிடத்தில் கொடுத்து மெதுவாக இழுத்தாள். நூல் போன தடம் தெரியாமல் இரண்டும் பிரிந்தன. சுருளைத் தூக்கி இலை நடுவில் வைத்தாள். செர்ரி அசையவில்லை.

கீழ்க் கப்பு தட்டிலேயே இருந்தது. கந்தம்மாள் அதை அறைக்கு வெளியே கொண்டுபோகக் கை நீட்டினாள். அதற்குள் பிரவீனா குனிந்து ஒரு மடிப்பைப் பிய்த்து வாயில் போட்டாள். படத்துக்கு நேராக உட்கார்ந்து, மென்று, விழுங்கினாள்.

"கசக்கல சாமி" என்றாள். "தித்திப்புத்தான். தின்னு."

கந்தம்மாள் தடுக்கவில்லை. முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டு கற்பூரத்தைத் தேடினாள். கற்பூரம் அவள் கையிலேயே இருந்தது. வசந்தாமணிதான் தீக்குச்சியைக் கிழித்துக் கொடுத்தாள்.

படையல் முடிந்து புறப்படும்போது கந்தம்மாள் வாசல்வரை வந்தாள். "அந்தக் கீழ்ப் பாதிய வீணாக்காத. தெருப் புள்ளைகளுக்குக் குடு" என்றாள். கொஞ்சம் நின்று, "எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையி. பல்லு இல்ல, மெத்துன்னு இருக்கற எடமாப் பாத்து" என்றாள்.

வீட்டுக்கு வந்து வசந்தாமணி அச்சைக் கழுவினாள். மடிப்புகளில் இருந்த மாவுப் பிசிறை ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். வெயிலில் காயவைத்துவிட்டுப் பழைய சேலையைத் தேடி எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, சேலையை மடித்துப் பெட்டியில் போட்டாள். அச்சைப் பரண்மேல் ஏற்றவில்லை. மற்ற அச்சுகளோடு அலமாரியில், யார் வந்தாலும் கண்ணில் படும்படி வைத்தாள்.