மாமி கேட்ட பாவசங்கீர்த்தனங்கள்

என் கறுப்பு ஹெட்போனை மாமி காதிலிருந்து பிடுங்கிக் கட்டிலில் எறிந்த அந்தப் பின்னேரம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நண்டு கடித்தவர் போல எறிந்தார். நான் அப்போதுதான் கந்தோர் வேலை முடிந்து வந்திருந்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாமி, அதாவது என் கணவரின் தாய், சட்டி பானையைக்கூடச் சத்தம் வராமல் வைக்கிற மனுஷி. "சொல்லிப்போட்டான் பிள்ளை," என்றார். "இந்தக் குடிகாரன் சொல்லிப்போட்டான்." கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு போட்டிருந்த கறுப்புக் கண்ணாடிக்குக் கீழால் கண்ணீர் வடிந்தது. அழவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால் நான் பதறிப்போனேன்.

குடிகாரன் என்று அவர் சொன்னது ஓர் ஆங்கிலேய ரொக் பாடகனை. எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. தலைமன்னாரிலிருந்து மன்னாருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், ரொக் இசைக்காரர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையைத் தாங்களே வாசித்துப் பதிந்த ஒலிநூல்களைக் கேட்பேன். அவர்களுடைய பாட்டு எனக்குச் சரிவராது, தலையிடிதான் மிச்சம். ஆனால் தேய்ந்துபோன குரலில், எந்த ஹோட்டலில் எதை உடைத்தேன், எந்த மனைவியை எந்த ஊரில் விட்டுவிட்டு ஓடினேன் என்று அவர்கள் ஒன்றுவிடாமல் சொல்வதைக் கேட்டால் வாய் பிளந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் நினைவு மலர் அடிப்போம். அதில் எல்லோரும் உத்தமர்கள். அடுத்த வீட்டு வேலியை நகர்த்தியவர்கூட அதில் அயலவரின் அன்புக்குப் பாத்திரமானவர்தான்.

மாமி ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர், கன்னியர் மடத்தில் படித்தவர். கண் ஆறும்வரை வாசிக்கக் கூடாது என்றதும் தவித்துப்போனார். புனிதர்களின் வரலாறு சிலதை என் பழைய போனில் ஏற்றி, ஹெட்போனோடு கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். நான் பாதியில் விட்ட ரொக் பாடகனின் ஒலிநூலும் அதில் இருந்தது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோயிலில் முன்வரிசையில் இருக்கிற மனுஷியின் காதில் கஞ்சாவும் கெட்ட வார்த்தையுமாக ஒருவன் என்னென்ன கொட்டுகிறானோ! பின்னேரம் ஓடிவந்து பார்த்தால், மாமி கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு கையால் நெற்றியை மறைத்துத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சனங்களின் பாவ அறிக்கையைக் கேட்கச் சுவாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருக்கிற அதே இருப்பு. "கனக்கப் பாவம் செய்திருக்கிறான்," என்றார். "மிச்சத்தையும் போட்டுவிடு."

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு அத்தியாயம் முடியவும் மாமி அந்த மனிதனுக்கு, பாவம் கேட்ட சுவாமியார் விதிப்பதுபோல, ஓர் அபராதம் விதிப்பார். போதைக்கு ஒரு செபமாலை, பெண்டாட்டியை ஏமாற்றியதற்கு சிலுவைப்பாதை. விதித்துவிட்டு அதைத் தானே சொல்லியும் முடிப்பார். "அவன் சொல்லப் போறானே? ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்." நான் இன்னும் கேட்காத பகுதியில் என்ன நடந்தது என்று கேட்டால் மூச்சு விடமாட்டார். "பாவசங்கீர்த்தனத்தில கேட்டதை வெளியில சொல்லலாமோ?" "இலட்சக்கணக்கானோர் காசு கொடுத்துக் கேட்கிற புத்தகம், மாமி," என்று நான் சொன்னால், அது அவனவன்ர மனச்சாட்சி என்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஹெட்போனை எறிந்த அன்று சிரிப்பு வரவில்லை. அந்தப் பாடகனைப் பெரிய ஆளாக்கிய பாட்டு உண்மையில் அவனுடைய முதல் மனைவி கட்டியதாம். அவளுடைய பெயரைப் போடாமல் விட்டேன் என்று அவனே தன் வாயால் சொல்லிவிட்டான். அதற்கு ஏன் மாமி இப்படி நடுங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். "இதை நீ பாவசங்கீர்த்தனமாக் கேள். என்ர பிள்ளைக்குக்கூடச் சொல்லக் கூடாது," என்றார். "எங்கட மாதா பாட்டு நான் கட்டினது."

எங்கள் ஊர்த் திருநாளில் அந்தப் பாட்டு இல்லாமல், மாதா சிலையைத் தூக்கிச் சுவாமியார் தரும் சுரூப ஆசீர் கிடையாது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனில் கேட்டு அழுகிற பாட்டு. அதை இயற்றி இசையமைத்தவர் பாடகர் குழுத் தலைவராக இருந்து மறைந்த மாமா, அதாவது மாமியின் கணவர், என்று ஆண்டுதோறும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். என் கணவர் அதைக் கேட்கும்போது கழுத்தை நிமிர்த்துவார். அவருக்கு அப்பா என்றால் பாதிக் கடவுள்.

"கலியாணம் முடிச்ச புதுசில கிணத்தடியில மீன் வெட்டேக்க கட்டினது," என்றார் மாமி. "உன்ர மாமா கேட்டுப்போட்டு கோயில் ஓகன் பெட்டியில வாசிச்சவர். அடுத்த கிழமை கோயில்ல தன்ர பாட்டெண்டு படிப்பிச்சார். நான் வாயைத் திறக்கேல்லை. மூண்டாவது சரணத்தை மட்டும் வெட்டிப்போட்டார். கோயில் பாட்டில மீன் வெடுக்கு வேண்டாமாம்." கண்ணாடிக்குக் கீழால் வடிந்ததைச் சேலைத் தலைப்பால் ஒற்றினார். "அவர் பூசையில நன்மை எடுக்காத ஞாயிறு இல்லை. சாகேக்கையும் சுவாமியார் பக்கத்தில நிண்டவர். சொல்லேல்லை. இந்தக் குடிகாரன் சொல்லிப்போட்டான்."

மாமாவை நினைக்க ஆத்திரமாக வந்தது. கணவரின் முகத்தைப் பார்த்துச் சோறு போடுவதே பெரும்பாடாகிவிட்டது. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது.

திருநாளன்று கோயிலில் நானும் மாமியும் பெண்கள் பக்கம் இருந்தோம், கணவர் மறுபக்கம். ஒலிபெருக்கியில் வழக்கம்போல மாமாவின் பெயர் வந்தது. பாடகர் குழு இரண்டு சரணத்தையும் பாடி முடித்தது, ஓகன் நின்றது. சுவாமியார் ஆசீருக்காக மாதாவின் சுரூபத்தைத் தூக்கினார். அப்போது எனக்குப் பக்கத்தில் மாமி எழுந்து நின்று பாடத் தொடங்கினார்.

மீன் வெட்டும் கையோடு வந்தேன் தாயே,
உப்பேறிய விரலை உன்னிடம் தந்தேன் தாயே.

ஒருவரும் கேட்டிராத சரணம், ஆனால் மெட்டு அதே மெட்டு. குரல் நடுங்கியது, சுருதி விலகவில்லை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுவாமியார் சுரூபத்தைத் தூக்கியபடியே நின்றார். மாமி அவசரப்படவில்லை. கடைசி வரியை இரண்டாம் முறையும் பாடி முடித்துத்தான் முழந்தாளிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் தாய்க்கு முன்னால் நின்றார். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, அது ஆர் கட்டின பாட்டு?"

"உன்ர மனுசியைக் கேள்," என்றார் மாமி. பிறகு என்னைப் பார்த்து, "இனி நீ சொல்லலாம்," என்றார். நான் சொன்னேன். கணவர் கேட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மாமி செபமாலையை எடுத்தார். அந்தப் பாடகனுக்கா என்று கேட்டேன். "அவனுக்கு ஏன்? அவன்தான் சொல்லிப்போட்டானே. இது உன்ர மாமாவுக்கு." அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் மாமாவின் அபராதத்தை மாமி சொன்னார். சாகும்வரை சொன்னார்.

போன திருநாளிலும் ஒலிபெருக்கி மாமாவின் பெயரைத்தான் சொன்னது. ஆனால் பாட்டை மூன்று சரணமாகப் பாடினார்கள். மூன்றாவது வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தத்தில் ஓகன் கேட்கவில்லை.

ஹெட்போன் மாமியின் அறையில் ஆணியில் தொங்குகிறது, அவருடைய செபமாலையும் அதே ஆணியில்தான். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது ஹெட்போனை நான் எடுப்பேன். பின்னேரம் திரும்பிவந்து மாட்டப் போனால் செபமாலை அங்கே இருக்காது. என் கணவர் அதை எடுத்துக்கொண்டு மாமியின் கதிரையில் இருப்பார். யாருக்கு என்று நான் இதுவரை கேட்கவில்லை.