கப்பலுக்குப் போகிறவனும் விமானத்துக்குப் போகிறவளும்

மணப்பாட்டுக்காரன் பர்னபாஸுக்கு விமானத்தில் பறக்க வேண்டும் என்று ஒருநாளும் ஆசை வந்ததில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு கப்பல். சரக்குக் கப்பல்களில் டெக் வேலை பார்த்தவன் அவன். கடைசியாகப் பம்பாயில் இறங்கியதிலிருந்து இரண்டரை வருடமாக அடுத்த அழைப்புக்குக் காத்துக் கிடந்தான். சும்மா இருந்தால் அடுப்பு எரியாது என்று தூத்துக்குடியில் குடியேறி, கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் தோணிகளில் வேலை செய்தான்.

எழுபத்து நாலாம் வருடம் மே மாதம் அழைப்பு வந்தது. நாடு முழுக்க ரயில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். பீச் ரோட்டுக் கப்பல் ஏஜெண்ட் அவனைத் தோணித்துறையிலேயே வந்து பிடித்தார்.

“ஓய் பர்னபாஸ், பம்பாய்ல ஒருத்தனுக்கு மஞ்சக்காமாலையாம். அந்த இடம் உமக்கு. நாளன்னைக்குக் காலையில கப்பல்ல நிக்கணும். ரயிலு கிடையாது, பஸ்ஸுல போனீருன்னா கப்பல் ஏடனைத் தாண்டியிருக்கும். மதுரையிலிருந்து மெட்ராஸ், அங்கேருந்து பம்பாய், ரெண்டும் பிளேன்தான். தவறவிட்டீரு, வரிசையில உம்ம பேரு மறுபடி கடைசிக்குப் போயிரும். பாத்துக்கிடும்.”

மறுநாள் மதியம் அவனும் மனைவி பிளாரன்ஸும் மதுரை விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வெயில் தகித்தது. நிலைய அதிகாரி டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பர்னபாஸை மட்டும் கூப்பிடவில்லை. கூடத்தில் மிஞ்சியவர்கள் மூன்றே பேர்: அவன், பிளாரன்ஸ், மூலையில் நீலப் புடவையில் கைப்பையோடு ஒரு பெண்.

அதிகாரி தயங்கித் தயங்கி வந்தார். “மிஸ்டர் பர்னபாஸ், ஒரு சீட் குறையுது. கடைசியா டிக்கெட் வாங்கினது நீங்கதான். நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்.”

“நாளைக்குப் போயி கடல்ல நீச்சலடிக்கவா?” பர்னபாஸின் குரல் உயர்ந்தது. “என் சீட்டுல யாரு போறா?”

அதிகாரியின் கண் தன்னையறியாமல் மூலைக்குப் போனது. “விமானப் பணிப்பெண். பயணியா மெட்ராஸ் போறாங்க.”

பிளாரன்ஸ் விட்டுவிடுவாளா? “ஏன் சார், வேலைக்காரி உக்காரதுக்கு வந்த விருந்தாளிய எழுப்பி விடுவாவளா?”

“அப்படியில்லம்மா. லீவுல போற ஸ்டாஃப்னா உங்களுக்கெல்லாம் அப்புறம்தான். மிச்சமிருந்தா ஏறுவாங்க, இல்லன்னா திரும்பிப் போவாங்க. இவங்க டியூட்டியில போறாங்க. நேத்து இவங்க வந்த விமானம் பழுதாகி இங்கயே நின்னுபோச்சு. இன்னைக்கு ராத்திரி மெட்ராஸ்லேருந்து பம்பாய் போற விமானத்துல இவங்க வேலை பாக்கணும். ஆள் குறைஞ்சா அது கிளம்பாது.”

பர்னபாஸ் சட்டைப்பையிலிருந்து தன் இரண்டாவது டிக்கெட்டை எடுத்து நீட்டினான். “இந்த விமானமா?”

அதிகாரி பார்த்துவிட்டு ஆமென்று தலையசைத்தார்.

அவள் போகாவிட்டால் பம்பாய் விமானம் கிளம்பாது. அவள் போனால் பர்னபாஸ் அதில் ஏற முடியாது. யாரிடம் கோபப்படுவது? நேரே அவளிடம் போய் நின்றான்.

“தங்கச்சி, எனக்குக் கப்பல் போயிரும்மா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணாச்சி. எனக்கு நாசரேத்து. ஜெயசெல்வி. நான் என்ன செய்யட்டும்? கம்பெனி ஏறச் சொன்னா ஏறணும்.”

“எங்க கப்பல்ல, வேலைக்குப் போறவன் பயணியா வந்தான்னா, இடமில்லாட்டா சுருட்டுன கயித்து மேல படுத்துக்கிட்டே போயிருவான். ஒங்க பிளேன்ல அப்படி ஒரு மூலை கிடையாதா?”

அவளுக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. “கயிறு கிடையாது. விமானிகளுக்குப் பின்னால ஒரு மடக்குச் சீட்டு உண்டு. கேப்டன் சரின்னாத்தான். ஆனா ராத்திரி பூராவும் நான் நிக்கணும் அண்ணாச்சி. அதனாலதான் டியூட்டியில போறவங்களுக்கு நல்ல சீட்டு குடுக்கணும்னு வச்சிருக்காங்க. வெளிநாடு போற விமானத்துல முதல் வகுப்பு காலியா கிடந்தா அதுகூட அவங்களுக்குத்தான் முதல்ல. அப்புறம்தான் மத்த ஸ்டாஃப், எத்தன வருஷ சர்வீஸ்னு பாத்து.”

“முதல் வகுப்பு நீயே வச்சுக்கோம்மா,” என்றாள் பிளாரன்ஸ். “இவருக்கு ஒரு பலகை போதும்.”

ஜெயசெல்வி பிளாரன்ஸின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, வெயிலில் நின்ற விமானத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

அவள் படியேறி உள்ளே போனது தெரிந்தது. வெளியே வரவில்லை. படிக்கட்டை எடுக்க ஆட்கள் வந்து நின்றார்கள். பிளாரன்ஸின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. பர்னபாஸ் வாசல் கம்பியை இறுகப் பிடித்திருந்தான்.

கடைசியில் அவள் ஓடிவந்தாள். “கேப்டன் சரின்னுட்டார். ஆனா இந்தச் சூட்டுல ஒரு ஆள் கூடுதலா ஏத்தி விமானம் எழும்பணும்னா எடை குறையணுமாம்.”

“பார்சல் மூட்டையெல்லாம் இறக்கச் சொல்றேன். அதுவும் பத்தாது,” என்றார் அதிகாரி. அவர் பார்வை பர்னபாஸின் தகரப்பெட்டியில் நின்றது.

கப்பல் குளிர்தேசம் போவது. பெட்டிக்குள்தான் எல்லாம் இருந்தது. பர்னபாஸ் யோசிக்கவில்லை. பெட்டியைத் திறந்து கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டினான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு பூட்ஸில் காலை நுழைத்தான். கப்பலில் ஏறக் காட்ட வேண்டிய மாலுமிப் புத்தகத்தைக் கோட்டுப் பையில் திணித்தான்.

“சார், உடம்புல இருந்தாலும் எடை எடைதான்,” என்று ஆரம்பித்த அதிகாரி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “சரி சரி, உங்களத் தூக்கியா பாக்கப் போறேன்? ஓடுங்க!”

“ஏளா, பெட்டிய வீட்டுக்குக் கொண்டுபோ!”

“ஐயோ, அது எனக்குத் தெரியாதா? நீரு ஓடும்!”

மதுரை வெயிலில் கம்பளிக் கோட்டோடு ஏறிய மனிதனைப் பார்த்து விமானத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பர்னபாஸ் யாரையும் பார்க்கவில்லை. இருக்கையில் விழுந்து வாரைக் கட்டிக்கொண்டான். சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை அவனுக்கு மூச்சு வரவில்லை.

மேலே போனபின் விமானியறைக் கதவு திறந்து ஆடியது. உள்ளே மடக்குப் பலகையில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, தகரச் சுவரில் தலை சாய்த்து ஜெயசெல்வி தூங்கிப்போயிருந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலை இடித்தது. ராத்திரி முழுக்க நிற்க வேண்டியவள். பர்னபாஸால் உட்காரவும் முடியவில்லை, எழுந்துபோய்த் தன் இடத்தைக் கொடுக்கவும் முடியவில்லை. அந்தப் பலகையில் பயணியை விடமாட்டார்களாம். கேட்டுப் பார்த்துவிட்டான்.

மெட்ராஸில் எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். விமானிகளும் போய்விட்டார்கள். அவள் அசையவில்லை. பர்னபாஸ் கதவருகே போய்க் குனிந்தான்.

“தங்கச்சி, எந்திரிம்மா. நம்ம பம்பாய் பிளேனுக்கு நேரமாச்சு.”