போலீஸ்காரர் பார்த்த கொள்ளைப் படம்

எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கும் வேலை செய்தேன். வீட்டுக்காரர் போலீஸ் கான்ஸ்டபிள். இருவருக்கும் ஒரே நாளில் லீவு அமைவது அபூர்வம். அப்படி அமைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குப் போனோம். பழைய கறுப்பு வெள்ளைப் படம். நகைக்கடையில் கொள்ளையடிக்கும் நாலு பேரின் கதை என்று போஸ்டரிலேயே தெரிந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“லீவு நாள்லயும் திருடனுங்க மூஞ்சியதான் பாக்கணுமா?”

“இவனுங்கள நீங்க புடிக்க வேணாம். சும்மா பாருங்க” என்றேன்.

இடைவேளைக்குப் பிறகு கொள்ளை தொடங்கியது. பாட்டில்லை, வசனமில்லை, பின்னணி இசைகூட இல்லை. பக்கத்துத் தையற்கடைச் சுவரிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக உருவித் துணிமூட்டையின் மேல் வைக்கிறார்கள். அந்தப் பக்கம் காவல்காரன் நாற்காலியில் தூங்குகிறான். உள்ளே நுழைந்ததும் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு இரும்புப் பெட்டியின் பூட்டைத் தடவுகிறான். இருட்டுத் திரையில் அவன் விரல்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. ஈரப் பொம்மை கிழியாமல் அச்சைப் பிரிக்கும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோமே, அப்படிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தரை டிக்கெட்டில் எவனோ விசில் அடித்தான். என் பக்கத்து நாற்காலி சடாரென்று பின்னால் நகர்ந்தது.

“யோவ், சத்தம் போடாதய்யா! காவக்காரன் முழிச்சிக்குவான்!”

எழுந்து நின்று கத்தியவர் என் வீட்டுக்காரர்.

குரலை அடையாளம் கண்டுகொண்ட யாரோ, “டேய், நம்ம கான்ஸ்டபிள் சாருடா!” என்றதும் தியேட்டரே சிரித்தது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நானும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

கடைசியில் நாலு பேரும் ரயில் நிலையத்தில் பிடிபட்டார்கள். வீட்டுக் கதவைத் திறக்கும்போது அவர் சொன்னார்: “அந்தப் பொட்டி தொறந்தவனையாவது வுட்டிருக்கலாம்.”

“நீங்களா பேசறீங்க?”

“என்னா கையி அவனுக்கு! பாத்தியா நீ?”

புதன்கிழமை யாரிடமோ டியூட்டியை மாற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். நான் அரை நாள் லீவு சொன்னேன். மறுபடியும் அதே படத்துக்குப் போனோம். பெட்டி திறந்தது, நகை வந்தது, நாலு பேரும் காரில் ஏறினார்கள். அவர் என் கையைத் தட்டினார்.

“வா, போயிடலாம். இதுக்கு மேல பாக்க வேணாம்.”

அவர்கள் பிடிபடுவதற்குள் இருவரும் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.