மஞ்சள் காலுறையும் ஓர் ஊசியும்

ஈப்போ வெயிலில் யாராவது காலுறை பின்னுவார்களா என்று என்னைக் கேட்காத ஆளே இல்லை. கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "ஒங்க காலு ஒங்க பேச்ச கேக்குதுல்ல, அதான் சிரிக்கிறீங்க." எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்தான்.

உண்மையைச் சொன்னால், பயம். எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பதினோரு வருடமாகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். முன்பெல்லாம் தெரிந்தது. போன இரண்டு தடவையும் தாதியின் நாற்காலி கிறீச்சிடும் சத்தத்தை வைத்து "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருடம் கிராணி வேலை பார்த்து, பரீட்சையில் பிள்ளைகள் காப்பியடித்த கதைகளையெல்லாம் டைப் அடித்தவள் நான். அறுபத்திரண்டு வயதில் சொந்தக் காலுக்கே காப்பியடித்தேன்.

வெளியே இப்படிப் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பின்ன உட்கார்ந்துவிடுவேன். மரத்துப்போன காலுக்குக் கடைக் காலுறையின் தையல் மேடுகூட எமன். உரசும், புண்ணாகும், ஆளுக்குத் தெரியாது. கையால் பின்னினால் மேடே இல்லாமல் பின்னலாம். கணுக்காலை இறுக்காமல் விடலாம். வெளிர் நிற நூலாக எடுத்தால் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே கண்ணில் படும். கைப்பேசியில் வீடியோ பார்த்து, நான்கு மூங்கில் குச்சிகளில் கண்ணிகளைப் பிரித்துப் போட்டு, ஐந்தாவது குச்சியால் சுற்றிச் சுற்றிப் பின்னக் கற்றுக்கொண்டேன். நேராக இறங்கும் குழாய் குதிகால் வந்ததும் திடீரென்று திரும்பும் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. சனிக்கிழமை காலையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பெண்கள் சேர ஆரம்பித்தோம். எல்லாருக்கும் பின்னிக் கொடுத்தேன். எனக்கு மட்டும் ஒரு ஜோடி பின்னிக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் அந்த நிலைமை வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த நால்வரில் ஒருவர் லகாட்டிலிருந்து பஸ் ஏறி வருகிற அக்கா. பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர். அவருக்கும் இனிப்பு நீர்தான். வலது கால் பெருவிரலை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். பார்வையும் மங்கல். ஆனால் கை இருக்கிறதே, மரத்துக்கு நோகாமல் பட்டை சீவிய கை! நான் ஒரு மாதம் முட்டிமோதிய குதிகாலை இரண்டே வாரத்தில் திருப்பிவிட்டார். எனக்குப் பொறாமைதான். வாய்விட்டே சொன்னேன்.

"நீ கண்ணால பின்னுற தங்கச்சி, நான் வெரலால பின்னுறேன், அவ்ளோதான் லா," என்றார்.

ஒரு சனிக்கிழமை மஞ்சள் நூல் வாங்கிக்கொண்டு வந்தார். அழகாக இருக்கிறதே, யாருக்கு என்று கேட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப் போகிறாராம். மகள் பிரசவத்தில் செத்துப் பிழைத்தபோது வேண்டிக்கொண்டதாம். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஒங்களுக்குப் புத்தி இருக்கா அக்கா? தார் ரோட்டுல, அந்த வெயில்ல, இந்தக் கால வச்சிக்கிட்டா? கொப்புளம் வந்தாகூட ஒங்களுக்குத் தெரியாது. அப்புறம் வெரல மட்டுமா எடுப்பாங்க?"

அவர் கண்ணியை எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அதுக்குத்தானே ஒன்கிட்ட வந்து படிச்சேன். செருப்பு போடாம வாரேன்னுதான் முருகன்கிட்ட சொன்னேன். ஸ்டோக்கின் போடமாட்டேன்னு சொல்லல."

அன்றிலிருந்து அந்தக் காலுறை என் பொறுப்பு மாதிரி ஆகிவிட்டது. அடிப்பாகத்தை இரட்டை நூலில் பின்ன வைத்தேன். அவர் பின்னிய ஒவ்வொரு வரிசையையும் விரலால் தடவிப் பார்த்தேன். வீட்டில் தனியாக இருக்கும்போது திடீரென்று அவருடைய பாதம் நினைவுக்கு வரும்.

தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை விரல் முனையைத் தைத்து மூட வேண்டும். மொட்டை ஊசி எங்கேயோ போய்விட்டது. சரி என்று துணி தைக்கிற கூர் ஊசியாலேயே வலது காலுறையை நான் மூடிக் கொடுத்தேன். இன்னும் ஒரு நூல் முனையை உள்ளே ஒளிக்க வேண்டியிருந்தது. அதை அவரே செய்யட்டும் என்று ஊசியை நீட்டப் போனேன். ஊசியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் கொடுக்க மாட்டோம். பழக்கதோஷம். காலுறை முனையிலேயே குத்தி, காலுறையோடு சேர்த்து அவர் மடியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் பஸ் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். இரண்டு காலுறையையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

தைப்பூசத்தன்று காலை, ஜாக்கெட் கொக்கி ஒன்று அறுந்து தொங்கியது. தைக்கலாம் என்று ஊசிப் பெட்டியைத் திறந்தேன். கூர் ஊசி இருக்கும் இடம் காலியாக இருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. ஐயோ, என் கையாலேயே குத்தி வைத்தேனே!

அவருக்குப் போன் அடித்தேன். மகள்தான் எடுத்தாள். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறாளாம். அம்மா போனை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாராம். "ஸ்டோக்கின் போட்டுக்கிட்டாங்களா?" "போட்டுக்கிட்டாங்க ஆண்ட்டி, ரொம்ப அழகா இருக்கு." அவளிடம் ஊசியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ரோடெல்லாம் அடைத்திருந்தார்கள். காரை எங்கேயோ ஓரமாகப் போட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தில் யாரோ என் செருப்பை மிதித்தார்கள். வார் அறுந்தது. இரண்டையும் உதறிவிட்டு ஓடினேன். பந்தலுக்குப் பந்தல் பாட்டு. நடுரோட்டில் தேங்காய் உடைத்து, சிரட்டைச் சில்லெல்லாம் சிதறிக் கிடந்தது. வெறுங்காலோடு நடந்தவர்கள் சூடு தாங்காமல் நிழலுக்கு நிழல் தாவினார்கள். தண்ணீர் தெளித்த பக்கமாகப் பார்த்துத்தான் நான் ஓடுகிறேன் போலிருக்கிறது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். மனசெல்லாம் அந்த ஊசிதான். ஒவ்வோர் அடிக்கும் அது எவ்வளவு உள்ளே போகும் என்று கணக்குப் போட்டேன். குத்துவது தெரிந்தால் நின்றுவிடுவார், அவருக்குத்தான் தெரியாதே, கோயில் வரைக்கும் நடந்துவிடுவாரே. முருகா, என் கையை ஒடித்துப் போடு, அந்தக் காலை விட்டுவிடு என்று சத்தமாகவே வேண்டினேன். பக்கத்தில் வந்த அம்மா எனக்குச் சாமி வந்துவிட்டதென்று திருநீறு பூசிவிட்டார்.

கோயில் மலை தெரிகிற வளைவில் அக்காவைப் பிடித்தேன். மஞ்சள் சேலை, தலையில் குடம், இரண்டு கையும் மேலே. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அக்கா, நில்லுங்க! நில்லுங்க!"

"ஏண்டி, நேர்த்திக்கடன நடு வழியில மறிக்கிற?"

அவர் காலடியில் உட்கார்ந்தேன். ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி அவர் மறு கையை என் தோளில் ஊன்றி வலது காலைத் தூக்கிக் கொடுத்தார். காலுறையை மெல்ல உருவினேன். முனையில் ஊசி இருந்தது. குறுக்கே படுத்திருந்தது. பெருவிரல் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில், துணிக்குள்ளே, பத்திரமாக. பக்கத்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாதத்தை அழுத்திப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

ஊசியைத் தூக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அடியேய், அந்த வெரலு போனது நல்லதாப் போச்சு," என்று குடம் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது. நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, அவருக்குக் காலுறையை மறுபடி மாட்டிவிட்டேன். எனக்குப் பயம் எல்லாம் இறங்கி, உடம்பு லேசாகிவிட்டது.

"சரி, ஏந்திரி. பாலு திரியப் போவுது," என்றார்.

எழுந்தேன். அவர் நகரவில்லை. நான் ஓடி வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ரோட்டுல என்னா அது? குங்குமம் கரைச்சி ஊத்துன மாதிரி இருக்கே."

திரும்பிப் பார்த்தேன். தாரில் சிவப்பாக ஒரு பாதம். அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாம் இடது பாதம். கூட்டத்துக்குள் போய் மறையும் வரைக்கும் இருந்தன. கடைசிப் பாதம் என் சேலை ஓரத்தில் வந்து முடிந்தது.

சேலையைத் தூக்கினேன். சிரட்டைச் சில்லு ஒன்று, கட்டைவிரல் அகலம் இருக்கும், என் இடது உள்ளங்காலில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றித் தோல் வெந்து வெள்ளையாகக் கழன்றிருந்தது.

அக்கா குடத்தோடு அலறினார். முதலுதவிப் பந்தலிலிருந்து யாரோ ஓடி வந்தார்கள். "வலிக்குதா? ரொம்ப வலிக்குதாடி?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் காலைப் பார்த்தபடி, வலி வரட்டும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை.