உப்புப் போட்ட குப்பி

என் நாத்தனாருக்கு ஆய்வுக்கூடத்தில் ‘காந்தம்’ என்று பட்டப்பெயர். வைத்தவன் யாரோ, அவன் நாக்கில் புண் வர. நான் அதே கட்டடத்தில் ஸ்டோர் பார்க்கிறேன். குப்பி, ரசாயனம் எல்லாம் என் கையிலிருந்துதான் போகும். அதனால் அந்தக் கேலி முதலில் என் காதில்தான் விழும்.

உடம்புக்குள் தண்ணீரில் திரியும் புரத மூலக்கூறுகள் தம் ஜோடியைத் தற்செயலாக முட்டிக்கொண்டுதான் கண்டுபிடிக்கின்றன என்று மற்றவர்கள் சொல்வார்கள். இவளோ, இரண்டும் ஒரே தாளத்தில் அதிர்ந்தால் தூரத்திலிருந்தே மின்காந்த விசையால் இழுத்துக்கொள்ளும் என்கிறாள். அதுகளுக்கு ஜோடி பார்த்தது போதும், உனக்கு ஒன்று பாரேன் என்று நான் நச்சரிப்பேன். அதுகளுக்குத் தரகர் தேவையில்லை அண்ணி என்பாள், திமிர் பிடித்தவள்.

கடைசியில் துறைத்தலைவர் கெடு வைத்தார். எல்லார் முன்னாலும் செய்து காட்டு, இல்லாவிட்டால் அறையைக் காலி செய்.

காட்டினாள். லேசர் ஒளி பட்டதும் மூலக்கூறுகள் அதிர்ந்தன. ஒன்றையொன்று இழுத்ததில் அவற்றின் ஓட்டம் மந்தமானது. அந்த வேகத்தைக் காட்டும் கோடு திரையில் அப்படியே சரிந்தது. தலைவருக்கு வாயெல்லாம் பல். போதும், கட்டுரையாக எழுதி அனுப்பு என்றார்.

இவள் என் பக்கம் திரும்பி உப்பு கேட்டாள்.

சாதாரண மின் ஈர்ப்பாக இருந்தால் உப்புத் தண்ணீரில் அடங்கிவிடும். வேகமாக அதிர்வதால் வரும் ஈர்ப்பை உப்பு தடுக்காது என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பினால் எல்லாம் போச்சு. வம்பை விலைக்கு வாங்காதே என்று அவள் காதோடு சொன்னேன்.

“உப்புக்கு நிக்கலன்னா அது என்னோடது இல்ல அண்ணி. குடுங்க.”

போட்டாள். சரிந்த கோடு பாதிக்கு மேல் திரும்ப ஏறிவிட்டது. பின்னாலிருந்து ஒருவன், காந்தம் கரைந்துவிட்டது என்று சிரித்தான். தலைவர் அறைச் சாவிக்குக் கையை நீட்டினார். எனக்கு அந்தச் சிரித்தவனை அறைய வேண்டும் போல இருந்தது.

அவள் சாவியை எடுக்கவே இல்லை.

“பாதி போச்சு, ஒத்துக்கறேன். மீதி ஏன் சார் போகல?”

லேசர் சூட்டால் இருக்கும் என்றார் தலைவர், எரிச்சலோடு.

“சூடானா வேகமால்ல ஓடணும்? இதுங்க மெதுவா நகருதுங்க. மீதி எங்கேருந்து வருதுன்னு சொல்லுங்க, சாவியைத் தந்துடறேன். தெரியலன்னா நான் கண்டுபிடிக்கறேன், இதே ரூம்ல.”

சிரித்தவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாவிக்கு நீட்டிய தலைவரின் கை வெறுமனே சட்டைப்பைக்குப் போனது.

அவள் அடுத்த குப்பியைக் கழுவ ஆரம்பித்தாள்.

“உப்பு இன்னும் இருக்கா அண்ணி?”

“மூட்டை மூட்டையா இருக்குடி. எடு.”