பூத்துப் போன பாகு

அறுபதுகளின் ஆரம்பம். குற்றாலச் சீசனுக்குச் சம்பந்தியம்மா தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மருமகள் முந்திரி மிட்டாய்க்குச் சீனிப்பாகு காய்ச்சினாள். கண்ணாடி மாதிரி இருந்த பாகு, தட்டில் ஊற்றும் முன்பே வெளுத்து மணல்மணலாகப் பூத்துவிட்டது.

"மதினி, உங்க மகளுக்கு அடுப்படியைக் காட்டவே இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். தலை குனிந்த சம்பந்தியம்மா மறுநாளே திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாமிக்குப் படைக்க நானே பாகு காய்ச்சினேன். சீனி டப்பாவில் கிடந்த கரண்டியால் கிண்டினேன். அதில் ஒட்டியிருந்த சீனியைச் சுற்றி, என் கண் முன்னாலேயே பாகு மணிமணியாகக் கட்டியது. அன்றைக்கு மருமகளின் பாகையும் அதே கரண்டியால் கிண்டியது நான்தான்.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது உனக்குத் தெரியுமாட்டி?"

"ஸ்கூல்ல சொல்லிருக்காவ அத்தை. பாகுல சீனி தாறுமாறாக் கெடக்கும். அப்படியே ஆறுனா கண்ணாடி. ஒரு மணி விழுந்தா, எல்லாம் அதைப் பாத்து வரிசை கட்டிரும்."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"எல்லாரும் இருந்தாவ. உங்களுக்குக் கேவலமால்லா போயிரும்."

எனக்காகப் பெற்ற தாயைத் தலைகுனிய விட்டிருக்கிறாள். கோயிலுக்குப் போய் விசுவநாதர் சன்னதியில் நின்று அழுதேன். மன்னிக்க வேண்டியவர் திருநெல்வேலியில் அல்லவா இருக்கிறார் என்று அங்கேதான் உறைத்தது. நேரே பஸ் ஏறினேன்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சம்பந்தியம்மா, "சாப்பிட்டுட்டுப் போங்க மதினி" என்று இலை போட்டார். அந்தச் சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருந்தேன்.