ஆறு எண்ணும் ஆறு பேரும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் ‘இருபத்திமூணு’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கே வேலை பார்க்கும் ஆறு பேரும் ஆளுக்கோர் எண் சொல்லி, வாராவாரம் கூட்டாக ஒரு லாட்டரிச் சீட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். இவர் சொன்னது மகள் பிறந்த தேதி. அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

ஆறு எண்ணும் விழுந்தால் ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம். விழுவதற்கான வாய்ப்பு ஒரு கோடியே நாற்பது லட்சத்தில் ஒன்று என்று சீட்டின் பின்பக்கமே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? இவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார். படித்துவிட்டும் எடுத்தார், அதுதான் கொடுமை.

துணியை உலர்த்தித் தேய்க்கும் சூடான உருளைக்குள் ஈரப் படுக்கை விரிப்புகளைக் கொடுப்பது இவர் வேலை. ஜன்னல் கிடையாது. ஆவியும் பஞ்சுத் தூசியும் நெஞ்சில் இறங்கிவிட்டன. “இந்த வேலையை நீங்க விடலேன்னா நெஞ்சு உங்களை விடாது” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மனைவி போன பிறகு இவர் தனிக்கட்டை. மகள் தன் ஊர் நூலகத்தில், வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பையை வாங்கி வைக்கும் வேலை பேசி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்ல வேண்டியதுதானே? அங்கேதான் மனுஷர் தனக்குத் தானே சூனியம் வைத்துக்கொண்டிருந்தார். முன்பு ஒருவர் வேலையை விட்டுப் போன பிறகும் பங்கு கேட்டபோது, வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவர் இவர். ‘வேலையை விட்டவருக்குப் பங்கு இல்லை. அவர் எண் அடுத்து வருகிறவருக்கு’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, உருளைக்கு மேலே ஒட்டியதும் இவர் கைதான்.

இவர் போன மறுவாரமே அந்த எண்கள் விழுந்துவிட்டால்? தன் மகள் பிறந்த தேதியை வைத்து எவனோ ஒருவன் மாளிகை கட்டுவான். நினைத்தாலே வயிறு எரிந்தது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மென்று விழுங்கிக் கேட்டார்: “எல்லாருமா சேர்ந்து சீட்டை நிறுத்திட்டா என்ன?”

அடிக்க வருவார்கள் என்றுதான் நினைத்தார். துணி பிரிக்கும் அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். “அப்பாடா! அஞ்சு வருஷமா இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. என் தங்கச்சி கடையைப் பாத்துக்கோன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா.”

“நான் ஓய்வையே ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டேன்யா, இந்தப் பாழாப்போன சீட்டுக்காக” என்றார் மெஷின்காரர்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அட்டையைக் கிழிக்க மெஷின்காரர் ஸ்டூலையே இழுத்துப் போட்டுவிட்டார்.

இவர் வாய் சும்மா இருந்ததா? “ஆமா, நிறுத்திடுறோம்னு வைங்க. அப்புறம் நம்மள்ல யாராவது தனியா அதே எண்ணை எடுத்தா?”

சிரிப்பு நின்றது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆறு எண்ணையும் ஆறு பேரும் சொல்வார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “எடுக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணலாமே” என்றாள் அக்கா. யாரும் கையை நீட்டவில்லை, அக்காவும் நீட்டவில்லை. மெஷின்காரர் ஸ்டூலைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். “என்னப்பா முடிவு பண்ணீங்க?”

“இன்னும் ஒரு வாரம் டைம் கேளேம்மா.”

“கேட்டாச்சுப்பா. முடியாதுன்னுட்டாங்க.” அவளே தொடர்ந்தாள்: “அந்தச் சீட்டு விழறதுக்குக் கோடியில ஒரு வாய்ப்பாவது இருக்கு. நீங்க என்கூட வந்து இருக்கறதுக்கு அதுகூட இல்ல, இல்லையாப்பா?”

பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல் முந்திக்கொண்டது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இருமி முடிக்கும்வரை மகள் போனை வைக்கவில்லை.

“தண்ணி குடிங்கப்பா” என்றாள்.

குடித்தார். இந்த வாரம் சீட்டு எடுக்க வேண்டிய முறை அவருடையது. ஆறு மணிக்கு லாட்டரிக் கடையைச் சாத்திவிடுவார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.